18ஏ ரசீது எல்லாத்துக்கும் கிடைக்காது

18ஏ என்பது தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தில் நன்கொடையை வருமானத்திலிருந்து கழிக்க விடும் பிரிவு. "சாட்ஸ்வர்த் பாலர் பள்ளிக்குக் கம்பெனி ஆட்கள் பெயின்ட் அடித்தால் அந்த நாள் சம்பளத்தையும், இலங்கை அனாதை இல்லத்துக்கு அனுப்பிய பணத்தையும் 18ஏ-யில் கழிக்கலாம்" என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் தவறு, அண்ணா.

18ஏ பணத்துக்கும் பொருளுக்கும்தான், உழைப்புக்கு இல்லை. பெயின்ட் டப்பாவை வாங்கிக் கொடுத்தால் வாங்கிய விலைக்கு ரசீது கேட்கலாம், அடித்த நேரத்துக்குக் கேட்க முடியாது. பணமும் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே செலவாக வேண்டும். சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் ஐ.நா.வின் யுனிசெஃபுக்குக் கொடுத்தாலும் இதே விதிதான். இலங்கைக்கு அனுப்புங்கள், நல்ல காரியம். வரியில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பலர் சறுக்குவது இன்னோரிடத்தில்: சமூக மேம்பாட்டுத் துறையில் என்பிஓ (இலாப நோக்கற்ற அமைப்பு) பதிவு இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. வரித்துறையான சார்ஸ் தனியாக 18ஏ ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கோயில் பூஜைக்குக் கொடுப்பது சேராது.

ரசீதில் பிபிஓ எண் (பொதுநல அமைப்புக்குச் சார்ஸ் தந்த எண்), தேதி, தொகை, 18ஏ நோக்கத்துக்கென்ற உறுதிமொழி பாருங்கள். 2023 மார்ச் 1 முதல் ரசீதுக்குத் தனி எண், உங்கள் அடையாள எண், தொலைபேசி எண்ணும் வேண்டும். பழைய புத்தகத்தில் எழுதித் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். விருந்து டிக்கெட், ராஃபிள் (குலுக்கல்) சீட்டு நன்கொடை ஆகாது.

வரம்பு வரிக்குரிய வருமானத்தில் 10%. மிஞ்சியது அடுத்த ஆண்டுக்குப் போகும். நன்கொடையைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுத்தால், சம்பளத்தில் 5% வரை முதலாளி மாதாமாதம் கழித்துவிட்டு வரியைக் கணக்கிடுவார். ஊழியர்களுக்கு அதுதான் சுலபம்.