மே மாதத்தில் லட்சத்தீவுக்குப் போகாதீர்கள்

பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் களியக்காவிளைப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குப் போய்ப் படங்களை வெளியிட்டதிலிருந்து இன்னும் அதிகமாகிவிட்டது. "கொச்சி நமக்குப் பக்கம்தானே, மே லீவில் ஒரு நடை போய்விட்டு வரலாமா?" என்கிறார்கள். போகலாம். நுழைவு அனுமதி வாங்கினால், மே நடுப்பகுதி வரை கொச்சியிலிருந்து கப்பலும் கிடைக்கும். ஆனாலும் மே மாதத்தில் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். விடுமுறைக் காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கிற இடமில்லை அது. காற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். முப்பத்தாறு தீவுகளும் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர்தான். ஆள் குடியிருப்பது பத்தில். மலை கிடையாது, ஆறு கிடையாது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணற்றில் இறைப்பது அதைத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். தலைநகரான கவரத்தித் தீவில் 2005ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள். பிறகு மினிக்காய், அகத்தி தீவுகளிலும் கட்டினார்கள். மழை முடிந்து பல மாதம் ஆன ஏப்ரல், மே மாதங்களில்தான் அந்த நன்னீர்ப் படலம் மெலிந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் குடும்பத்தோடு போய், கடலில் குளித்துவிட்டு உப்பு போக நல்ல தண்ணீரில் இன்னொரு முறை குளிக்கிறோம்.

அடுத்தது பவளம். கோடையில் காற்று ஓய்ந்து கடல் அசையாமல் கிடக்கும், அடித்தரை தெளிவாகத் தெரியும். படம் எடுக்க அருமையான நேரம். அதே அசையாத கடலில்தான் வெயில் சூடு தங்கிவிடுகிறது. சூடு தாங்காத பவளப் பூச்சிகள், தமக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசிகளை வெளியே தள்ளி வெளுத்துப் போகின்றன. 1998, 2010, 2016, பிறகு 2024 என்று நான்கு பெரிய வெளுப்புகளை அங்குள்ள பவளத் திட்டுகள் கண்டிருக்கின்றன. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்தால் தேறிக்கொள்ளவும் கூடும். தேறுமா தேறாதா என்று இருக்கிற நாளில் போய், நீச்சல் தெரியாமல் அதன் மேலேயே காலூன்றி நிற்கிறவர்கள் நம் ஆட்கள். உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது வேறு கதை. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஆமை. அகத்தியின் லகூனில், அதாவது பவளத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத கடலில், பேராமைகளை (பச்சை ஆமைகளை) மிகப் பக்கத்திலேயே பார்க்கலாம், போய் வந்தவர்கள் எல்லோருடைய கைபேசியிலும் அந்தப் படம் இருக்கும். ஆனால் அந்த ஆமைக்கும் தீவுக்காரர்களுக்கும் உள்ள வழக்கு எந்தப் படத்திலும் தெரியாது. பேராமை கடற்புல் மேய்கிற பிராணி. எண்ணிக்கை பெருகப் பெருக, அகத்தியில் இருந்த புல்வெளிகளைக் கட்டையாக மேய்ந்து தீர்த்துவிட்டு, மற்றத் தீவுகளின் லகூன்களுக்கும் நகர்ந்தன. புல் போனதும் அதில் ஒதுங்கி வளரும் குஞ்சு மீன்களும் குறைந்தன. ஆமைகள் வலையையும் கிழிக்கின்றன என்பது மீனவர்களின் குறை. ஒரு காலத்தில் படகுக்குப் பூச எண்ணெய் எடுக்கவும் ஆமையைப் பிடித்தவர்கள் அவர்கள். இன்று ஆமையைச் சட்டம் காக்கிறது. தன் வலை கிழிந்து நிற்கிற மனிதரிடம் போய், "எவ்வளவு அழகு, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஆமையைக் காக்கத்தான் வேண்டும். அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது.

இதே பேராமைகள் கரையேறி முட்டையிடுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான். சுஹேலி போன்ற ஆளில்லாத தீவுகளின் மணல் அப்போது அவற்றுக்கு வேண்டும். மே 15 முதல் செப்டம்பர் 15 வரை உரு என்கிற சரக்கு மரக்கலங்களும் சிறு கலங்களும் ஓடுவதில்லை. கச்சான் என்கிற மேல்காற்று மேற்குப் பக்கப் பவளத் திட்டில் மோதி அடிக்கும். கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறி இறங்குவது அப்போது பெரும் சோதனை. பெரிய கப்பல்கள் ஓடுவது தீவு மக்களின் தேவைக்காகத்தான், நாம் வேடிக்கை பார்க்க அல்ல. "ஆண்டு முழுவதும் சுற்றுலா நடத்தினால் என்ன, வருமானம்தானே" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். வேறு ஊர்க்காரர் கேட்டால் பரவாயில்லை, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் கேட்கக்கூடாது. நம் ஒரே மாவட்டத்தில் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று இரண்டு தடைக்காலங்கள் இருக்கின்றன. கடலை மூடி வைக்கிற நாட்களை நாம் காலண்டர் போலவே மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள்.

மே மாதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும்தான் பெரும்பாலும் அரபிக்கடலில் புயல் பிறக்கிறது. 2021 மே மாதம் தவ்தே புயல் லட்சத்தீவுப் பக்கத்தில்தான் உருவானது. ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்ற நம் மீனவ ஊர்களில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் பேச்சு நின்றுவிடும். அப்போது திசை தவறிய நம் படகுகள் பலவற்றுக்கு லட்சத்தீவின் கரைகள்தான் அடைக்கலம் கொடுத்தன. நம்மூர் ஆழ்கடல் மீனவர்களுக்கு அந்தத் தீவுகள் அப்படித்தான் பழக்கம். ஊரில் ஒரு படகுக்கார அண்ணாச்சியிடம் எந்த மாதம் போகலாம் என்று கேட்டேன். "வாடைக்காற்று பிடித்து, கடல் அடங்கின பிறகு போ. அதற்கு முன்னால் போகிறவனுக்குப் புத்தி இல்லை" என்றார்.

அவர் சொன்ன காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. பறவை பார்க்கிறவர்களுக்கும் அதுவே நல்ல நேரம். வலசை வந்த உப்புக்கொத்திகளும் கல்திருப்பி உள்ளான்களும் நீர் வற்றும்போது லகூன் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். வாய்த்தால் கறுப்பு வெள்ளையில் நண்டுதின்னிப் பறவையும் தென்படும். கவரத்திக்கு வடமேற்கே உள்ள பிட்டி, மரம் ஒன்றுகூட இல்லாத மணல்திட்டு. ஆலா என்கிற கடற்பறவைகள் முட்டையிடுகிற சரணாலயம் அது, அங்கே காலடி வைக்க ஆசைப்படவேண்டாம். மினிக்காயில் சூரை பிடிக்கிறவர்கள் இந்த ஆலாக்கள் கூட்டமாகக் கடலில் பாயும் இடத்தைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவார்கள். அக்டோபர் வாக்கில் நம் வயல்களுக்கு மேல் பறக்கும் தட்டான்கள்கூட வாடைக்காற்றில் ஏறி, மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூச்சிக்கே காற்றின் கணக்குத் தெரிந்திருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு ஊரை விட்டு யாரும் நகரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து எடுங்கள். அனுமதிக்கும் டிக்கெட்டுக்கும் அதற்குப் பல வாரங்கள் முன்பே எழுதிப்போடுங்கள். விமானத்தை விடக் கப்பல் நல்லது. விடியற்காலையில் மேல்தட்டில் நின்றால் கோலா மீன் பறப்பதையும் ஓங்கில்கள் (டால்பின்கள்) துள்ளுவதையும் பார்க்க வாய்ப்பு உண்டு. வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வயிறு குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை.