மேஜை காலி, மயக்க மருந்து டாக்டர் எங்கே?

மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வரிசை நீளக் காரணம் சர்ஜன் பற்றாக்குறை என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. ஒரு ஆபரேஷன் மேஜை ஓட மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்ஸ், டெக்னீசியன் வேண்டும். ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் நோயாளியை விட்டு நகர முடியாது. ராமநாதபுரம், தேனிப் பக்கமிருந்து விபத்து கேஸோ அவசர சிசேரியனோ வந்தால், கையிலிருப்பது முடிந்ததும் அவரை அங்கே இழுப்பார்கள். அன்றைய பட்டியலில் கடைசியில் இருக்கும் குடலிறக்கம் தள்ளிப்போகும். உயிருக்கு ஆபத்தில்லாத கேஸ் என்பதால் மறுபடியும் கடைசிதான்! பெரிய ஆபரேஷன் என்றால் ஐசியூ படுக்கையும் காலியாக வேண்டும்.

ஆபரேஷன் தள்ளிப்போகாமல் இருப்பதில் இன்னொரு பாதி நம் கையில். காலையில் "ஒரு வாய் டீதானே" என்று குடித்துவிட்டால் அன்றைக்கு ரத்து. பால் டீ சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்புவரை பொதுவாகப் பரவாயில்லை. குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. பிரஷர் மாத்திரையில் சிலதை அன்று காலையும் போடச் சொல்வார்கள், எதை என்று கேளுங்கள். மயக்க மருந்துப் பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் எடுத்துப் போங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்றால் யாருக்குப் புரியும்?