பாசிக்குடா முருகைக்கல்லை யார் அளப்பது?

மட்டக்களப்புக் கரையில் உள்ள பாசிக்குடாவின் முருகைக்கல் (சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டும் பவளப்பாறை) பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கம் இரண்டு கட்சி. "எல்லாம் செத்துப்போச்சு, ஹோட்டல்காரன்தான் கெடுத்தான்" என்று ஒன்று. "சும்மா கதை, நல்லாத்தான் கிடக்கு" என்று மற்றது. இரண்டு பேரிடமும் ஒரு அளவு கிடையாது. எனக்கு எரிச்சல் அதில்தான்.

அவுஸ்திரேலிய கடல் விஞ்ஞான நிறுவனத்தில் ஜானிஸ் லஃப் என்றொரு ஆய்வாளர் இருந்தார். உருண்டு திரண்ட பழைய முருகைக்கற்களைத் துளைத்து, நடுவிலிருந்து நீளமான துண்டை எடுப்பார்கள். துளையை அடைத்துவிட்டால் முருகை மேலே வளர்ந்து மூடிக்கொள்ளும். எடுத்த துண்டை எக்ஸ்-ரே பிடித்தால் வருடத்துக்கு வருடம் வளர்ந்த கோடுகள் தெரியும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான் வளர்ச்சி; பெரிய கல்லென்றால் நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போகலாம். 2009ல் லஃபும் கூட்டாளிகளும் அவுஸ்திரேலியாவின் பெரும் முருகைத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபில் 69 இடங்களிலிருந்து 328 கற்களைப் பார்த்துச் சொன்னது: 1990க்குப் பிறகு அவை சுண்ணாம்பு கட்டும் வேகம் 14.2 வீதம் குறைந்துவிட்டது. குறைந்தது 400 ஆண்டுகளில் இப்படியொரு சரிவு இல்லை. கடல் சூடேறுவதும், காபனீரொட்சைட்டு கரைந்து நீரின் தன்மை மாறுவதும் காரணமாகலாம் என்றார்கள். பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் அந்த இலக்கத்தைச் சொல்ல முடிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அதே நிறுவனத்தின் பீட்டர் இஸ்டேல் 1984ல் காட்டியது. ஆற்றுவாய்க்குக் கிட்ட வளர்ந்த கல்லைப் புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தால், வெள்ளம் கடலில் கலந்த ஆண்டுகள் பிரகாசமான கோடுகளாகத் தெரிகின்றன!

இப்போது எங்கள் கடலை நினைத்துப் பாருங்கள். மாதுறு ஓயா ஆற்றுத் தண்ணீர் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்கிறது. 1957 வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லத்தான் கேட்டிருக்கிறோம். 2011 வெள்ளத்தை நாங்களே கண்டோம். இங்கே பழைய கல் மிஞ்சியிருந்தால் இவையெல்லாம் அதில் பதிந்திருக்கலாம். சுண்ணாம்புச் சூளைக்கு வெட்டிக் கொளுத்தியது போக மிச்சம் எவ்வளவோ. (அதற்கு ஹோட்டல்காரனைக் குறைசொல்ல ஏலாது.)

கடல் சூடு வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, சில வாரம் நின்றாலே முருகை வெளிறிவிடும். 1998ல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் பெருமளவு செத்ததும் அப்படித்தான். சுற்றுலாக்காரர் முருகை பார்க்கப் போகும் கண்ணாடி அடிப் படகுகளைத் தடை செய்தால் நங்கூரத்திலிருந்து கல் தப்பும், நல்லதுதான், சூட்டிலிருந்து தப்பாது.

ஆகவே என் கருத்து, கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். எக்ஸ்-ரே பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, புற ஊதா விளக்கு பெரிய விலையில்லை. செலவு துளைக்கும் கருவிக்கும் சுழியோடிகளுக்கும்தான். பக்கத்துக் காயன்கேணி 2019லேயே கடல் சரணாலயமாகிவிட்டதால், அங்கே துளைக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்கள் யாராவது விண்ணப்பம் எழுதினால், படகுக்கு ஆள் பிடித்துத் தருவது என் பொறுப்பு.