சிவப்புக் கட்டமும் ஒரு பலா மரமும்

போன மாதம் ஒரு கருத்தரங்கு. திரையில் ஒரு மேப், அதில் சேர்வராயன் மலை முழுக்கச் சிவப்பு. காட்டு ஆர்க்கிடுகளுக்கு மிகவும் உகந்த வாழிடம் என்று அர்த்தமாம். அரங்கத்தில் கைதட்டல். எனக்கோ அந்தச் சிவப்புக்குள் ஏற்காடு பஸ் ஸ்டாண்டும் ஏரியும் சேர்ந்து கிடந்ததுதான் கண்ணில் பட்டது.

நானும் இதே மாதிரி மேப் போடுகிற ஆள்தான். அந்த உரிமையில் சொல்கிறேன். செடி பார்த்த இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளைத் திரட்டுவோம். வேர்ல்ட்கிளிம் தளத்தில் மழை, வெப்பம் பற்றிய 19 மேப் அடுக்குகள் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் மேக்ஸென்ட் மென்பொருளில் போட்டால், இதே தட்பவெப்பம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று வண்ணம் அடித்துக் கொடுத்துவிடும். செடி எங்கே இல்லை என்று தேடி அலைய வேண்டியதில்லை. 2006இல் ஃபிலிப்ஸும் கூட்டாளிகளும் இந்த முறையைப் பற்றிக் கட்டுரை எழுதியதிலிருந்து உலகம் முழுக்க ஆளாளுக்கு இதைத்தான் ஓட்டுகிறோம். ஆனால் அந்த அடுக்குகளில் மிக நுணுக்கமானதில்கூட ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதற்குள் ஒரு எஸ்டேட், ஒரு பள்ளிக்கூடம், நாலு ரிசார்ட் அடங்கிவிடும்.

அப்புறம், மேப் போடும் அந்தக் கணிப்பு மாடலுக்குக் கொடுக்கிற மதிப்பெண். 'மாடல் ஒன்றுக்கு 0.95 வாங்கியிருக்கிறது' என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒப்பிட எடுத்த பரப்பு எது என்று கேளுங்கள். இந்தியா முழுவதையும் எடுத்தால் மதிப்பெண் தானாக ஏறும். ராமநாதபுரத்தில் இருக்காது, ஏற்காட்டில் இருக்கும் என்று சொல்ல மென்பொருள் எதற்கு? ஏற்காட்டுக்குள் எந்தச் சரிவில் இருக்கும் என்று சொல்லட்டும், கைதட்டுகிறேன்.

புள்ளிகளின் கதை இன்னும் வேடிக்கை. சேலத்திலிருந்து ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி எங்கே நிற்குமோ அங்கேதான் போட்டோ எடுப்போம், அங்கேதான் புள்ளி விழும். கடைசியில் ஆர்க்கிடுக்கு ரோட்டோரம் ரொம்பப் பிடிக்கும் என்று மாடல் கற்றுக்கொள்கிறது. செடியை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய உலர்தாவரத் தாள்களில் பாதிக்கு, இடம் என்று வெறும் 'ஷெவராய்ஸ்' (சேர்வராயன் மலையின் ஆங்கிலப் பெயர்) என்றுதான் இருக்கும். அத்தனை பெரிய மலையில் எங்கே போய்ப் புள்ளி வைப்பது?

நான் போட்ட மேப் ஒன்றை எடுத்துக்கொண்டு மலைக்கே போனேன். கூட வந்தவர் அந்த ஊர் அண்ணன், காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அடர் சிவப்புக் கட்டம் ஒன்றில் நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசையாக சில்வர் ஓக். மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. "தம்பி, இதுல தேடி என்ன பண்றது? பழைய மரத்துலதான் அது நிக்கும், வாங்க" என்று வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கிழட்டுப் பலா. கவட்டையில் பாசி, மட்கிய சருகு, அதில் ஊன்றிக்கொண்டு அகாம்பே என்ற ஆர்க்கிட். விரல் தடிமனுக்கு வெள்ளை வேர்கள் பட்டையோடு ஒட்டிக் கீழே இறங்கியிருந்தன. தோல் மாதிரி தடித்த இலைகளுக்கு நடுவே மஞ்சளில் செம்பழுப்புக் கோடு போட்ட சின்னப் பூக்கள். ஒரே மரத்தில் பதினோரு குத்து எண்ணினேன். பக்கத்து சில்வர் ஓக்கில் ஒன்றுகூட இல்லை.

இரண்டு மரத்துக்கும் ஒரே மழை, ஒரே வெயில். மேப்பில் இரண்டும் ஒரே சிவப்பு.

சில்வர் ஓக்கை வைத்தவர்களைத் திட்டவில்லை. நெடுநெடுவென்று வளரும், மிளகு ஏற்றலாம், பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம். காபி விலையை நம்பிப் பிழைக்கிறவர் வேறென்ன செய்வார்? ஆனால் மரத்தில் ஒட்டி வாழும் ஆர்க்கிடுக்கு வாழிடம் என்பது மலையல்ல, மரம். ஆகவே எந்தத் தோட்டத்தில் பழைய நாட்டு நிழல் மரம் மிச்சமிருக்கிறது என்பது ஓர் அடுக்காக மேப்பில் ஏற வேண்டும். அந்த அடுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்காது, நடந்துதான் எடுக்க வேண்டும். வனத்துறை எல்லைக்குள் மட்டும் தேடிவிட்டு வந்தாலும் இது சிக்காது.

பூஞ்சை கதை வேறு இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசிதான், உள்ளே சேமித்த உணவு கிடையாது. ஒத்துப்போகிற பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். 1899இலேயே நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். மேப்பில் சிவப்பாக இருக்கிறதே என்று நாற்றை அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். நாற்று பிழைத்தாலும் அதன் விதை முளைக்கப் பூஞ்சை வேண்டுமே.

இன்னொன்று, புள்ளிகளை அப்படியே வெளியிடுகிற பழக்கம். அகத்தியமலைப் பக்கம் மட்டுமே வளரும் பாபியோபெடிலம் துருயி என்ற ஆர்க்கிட், செருப்பு மாதிரி பூக்கும் அந்த அழகி, அருகிப்போனதற்கு முக்கியக் காரணமே சேகரிக்கிறவர்கள் தோண்டி அள்ளியதுதான். பார்த்த செடி, உயிரினங்களை யாரும் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை இருபது கிலோமீட்டர் சொச்சக் கட்டத்துக்குள் மறைத்து வைப்பது சும்மா இல்லை. நாமோ ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் ஆறு தசம இலக்கத்தோடு அச்சடிக்கிறோம். அதை வைத்துக்கொண்டு நேராகச் செடி முன்னால் போய் நிற்கலாம்.

ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற நண்பர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். உங்கள் பழைய மரங்களை எண்ண நான் வருகிறேன், மதியச் சாப்பாடு போட்டால் போதும். மற்றவர்களே, அந்தப் பலா எந்த எஸ்டேட் என்று கமெண்ட்டில் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.