தாத்தா சீவிய பால்மரமும் அடிப்படை ஆய்வு மானியமும்

என் அக்காள் மகள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள நிபோங் திபாலில் பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்திப் பொருளின் மெல்லிய படலம் வளரும்போது அதன் படிக அடுக்கில் குறைகள் ஏன் தோன்றுகின்றன என்பதே அவளுடைய கேள்வி. அவளுடைய மேற்பார்வையாளர் அனுப்பிய மானிய விண்ணப்பம், எந்தத் தொழிற்சாலைக்கு இது எப்போது பயன்படும் என்ற குறிப்போடு சென்ற மாதம் திரும்பி வந்துவிட்டது. "அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் இதை அடிப்படை ஆய்வு என்று ஏன் மாமா சொல்லப்போகிறோம்?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம், உடனடிப் பயனை எதிர்பாராமல் புதிய அறிவைத் தேடுவதற்கென்றே ஏற்பட்டது. ஓர் ஆய்வுக்கு 250,000 ரிங்கிட் வரை, மூன்றாண்டுக்குள் என்பது அதன் வழக்கமான அளவு. ஆய்வு மாணவரின் மாதப்படி, தூய்மை மிகுந்த மூலப்பொருள்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் எக்ஸ்ரே சோதனைக்கும் கட்ட வேண்டிய கட்டணம் எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். பழுதான ஒரு கருவி சரியாகும்வரை காத்திருந்தாலே பல மாதங்கள் போய்விடும். படிகத்தைச் சீராக வளர்க்கக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் இறுதி அறிக்கை கேட்கப்படும்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எல்.ஈ.டி. ஆலையொன்றில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். நாங்கள் பொதியிட்டு அனுப்பிய நீல விளக்குகளுக்கு அடிப்படையும் இதே காலியம் நைட்ரைடுதான். ஜப்பானில் இசாமு அகாசாகி 1970களின் தொடக்கத்தில் இதைக் கையிலெடுத்தார். பலரும் நம்பிக்கையிழந்து விலகிய பிறகும் அவர் விடவில்லை. நல்ல படிகம் 1986இல்தான் கிடைத்தது. பிரகாசமான நீல விளக்கு சந்தைக்கு வர 1993 ஆனது. நோபெல் பரிசு 2014இல் வந்தது. மூன்றாண்டுக் கணக்கில் மட்டும் அளந்திருந்தால் அந்த ஆய்வு ஆறேழு முறை நிறுத்தப்பட்டிருக்கும்.

மின்னணுச் சில்லுத் தொழிலை வளர்க்க 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைகடத்தி வியூகத்துக்கு அரசு குறைந்தது 2,500 கோடி ரிங்கிட் ஒதுக்குவதாகச் சொன்னதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் 2020இல் நாடு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2030க்கென அரசு அப்போது வைத்த இலக்கோ 3.5 விழுக்காடு. ஆலைகளுக்கு ஊக்கத்தொகை தருவதால் மட்டும் அந்த இடைவெளி நிரம்பாது.

உடனடிப் பயன் பாராமல் ஆய்வுக்குச் செலவிடுவது நமக்குப் புதிய செய்தியும் அன்று. கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் தாத்தா விடியுமுன்னே பால்மரம் சீவினார். அன்று ஏற்றுமதியான ரப்பருக்கு விதிக்கப்பட்ட தீர்வையில் ஆய்வுக்கூடங்கள் நடந்தன. 1938இல் இங்கிலாந்தில் தொடங்கிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கமும் அத்தகைய தீர்வைப் பணத்தில்தான் இயங்கியது. அங்கே 1940களில் ரொனால்ட் ரிவ்லின், ரப்பர் நீளும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் கணிதமாக எழுதினார். பாலங்களுக்கு அடியில் பொருத்தும் ரப்பர் தாங்கிகளைத் திட்டமிடும் பொறியாளர்கள் மூனி–ரிவ்லின் சமன்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலம், நிலநடுக்க அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்கிறது. என் அக்காள் மகள் ஆய்வுக்கூடத்துக்குப் போவது அந்தப் பாலத்தின் வழியேதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: பொருளறிவியலில் படிகம் வளர்ப்பது போன்ற ஆய்வுகளுக்கு ஐந்தாண்டு மானியம் வேண்டும், நடுவில் ஒருமுறை தீர ஆராய்ந்து பார்க்கட்டும். கருவிப் பராமரிப்புக்குத் தனி நிதி வேண்டும். அடிப்படை ஆய்வு விண்ணப்பத்தை, அதே துறையில் கைப்பட ஆய்வு செய்தவர்களே மதிப்பிட வேண்டும். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தமிழ்ப்பள்ளி மானியத்தைப் பற்றிப் பேசும் அதே அக்கறையுடன் இதையும் எழுப்ப வேண்டும். அவளுடைய மேற்பார்வையாளர் அடுத்த சுற்றுக்கு மீண்டும் விண்ணப்பிக்கிறார். கேள்வியில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.