டோட்டல் மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது
ஸ்டாஃப்ல பாதிப்பேர் பெண்கள், அதனால யுனிவர்சிட்டில சமத்துவம் வந்தாச்சுன்னு இந்தக் கட்டுரையில எழுதியிருக்கறது கொஞ்சம் அவசரமா படுது, ஏன்னா டோட்டல் எப்பவுமே ஏமாத்தும், கிரேடு வாரியா பிரிச்சாதான் டெம்பரரி லெக்சரர் போஸ்ட்ல எத்தன பேரு, புரொஃபசர் சீட்ல எத்தன பேருன்னு தெரியும். நான் ஒரு டிபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷம், ஆணா பெண்ணா, என்ன வயசு, மாற்றுத்திறனாளியான்னு ஸ்டாஃப்கிட்டயும் அப்ளை பண்றவங்ககிட்டயும் கேக்கற ஃபார்ம் எல்லாம் என்ட்ரி போட்டிருக்கேன், அப்ளை பண்ணவங்கள்ல பெண்கள் நிறைய, ஷார்ட்லிஸ்ட்லயும் பரவால்ல, புரமோஷன் லிஸ்ட்டுக்கு வந்தா ஆளையே காணோம், ஆனா மேல போன ரிப்போர்ட்ல இருந்தது கடைசி வரி டோட்டல் மட்டும்தான். மேல கமெண்ட்ல ஒருத்தர் 'பேரு கேக்காத ஃபார்ம்ல உண்மைய எழுத என்ன பயம்'னு கேட்டிருக்கார், சார் பன்னெண்டு பேர் இருக்கற எடத்துல பெண், மாற்றுத்திறனாளி, அம்பது வயசுக்கு மேலன்னு மூணு டிக் அடிச்சாலே யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், எங்க மேடம் ஒருத்தங்க எல்லாக் கேள்விக்கும் 'சொல்ல விரும்பலை'னே போட்டுக் குடுத்தாங்க. பிரிட்டன்ல யுனிவர்சிட்டி புள்ளிவிவரம் வெளியிடற ஹெச்இஎஸ்ஏ (HESA), ஆள் யாருன்னு தெரியக்கூடாதுங்கறதுக்காகத்தான் எண்ணிக்கைய 5-ன் மடங்கா ரவுண்ட் பண்ணி வெளியிடுது, ரெண்டு பேருன்னா 0னு வரும் (சின்ன குரூப் அப்படியே மறைஞ்சிடுதுங்கறது வேற தலைவலி). அங்க 2010 சமத்துவச் சட்டத்துல வயசு, இனம், மதம், மாற்றுத்திறன்னு பாகுபாடு காட்டக்கூடாத 9 விஷயம் இருக்கு, ஆனா குடும்ப வசதி அந்த 9-ல கெடையாது, அதனால அட்மிஷன் எண்ணிக்கைய பெருமையா போடறவங்க ஃபீஸ் கட்ட முடியாம பாதியில நின்ன பசங்க கணக்கையும் பக்கத்துலயே போடட்டும்.