எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வயது 24. தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, மடியில் லேப்டாப்பை வைத்து ஏதோ அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். டைம்ஷீட், அதாவது தினமும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று கம்பெனிக்குக் கொடுக்கும் கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை 8, 8, 8, 8, 8.

அந்த வாரம் மூன்று நாள் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் கேபில் வந்து இறங்கினான் என்று அக்கா போனில் புலம்பியிருந்தாள்.

"என்னடா இது?"

"பதினொண்ணுன்னு போட்டா லீட் கூப்பிட்டுக் கேப்பாரு மாமா. எட்டுதான் போடணும்."

சுருக்கென்றது. பதினான்கு வருடம் ஐடியில் இருந்தவன் நான். கடைசி ஐந்து வருடம் டீம் லீட். என் டீம் பிள்ளைகளிடம் இதே வார்த்தையை, இதே தொனியில், எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பேன்!

ஏன் எட்டு என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கிளையண்டோடு, அதாவது வேலை கொடுக்கும் வாடிக்கையாளரோடு, போடும் ஒப்பந்தத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று பில் போகும். எட்டுக்கு மேல் போட வேண்டுமென்றால் கிளையண்ட் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். அவரிடம் போய் யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொன்று, மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசி முடிப்பது. 1,000 மணி நேரம் ஆகும் என்று வேலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அந்த விலைக்கு ஒப்பந்தம் கிடைக்காது என்று விற்பனைப் பிரிவு அதை 750 ஆக்கும். வேலை என்னவோ அதே வேலைதான். மிச்சமுள்ள 250 மணி நேரம், மேடவாக்கத்திலும் துரைப்பாக்கத்திலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் தலையில் விழும். டைம்ஷீட்டில் 750 என்றுதான் ஏறும்.

கூத்து இதற்கப்புறம்தான். அடுத்த ப்ராஜெக்டுக்கு எஸ்டிமேட் போடும்போது பழைய கணக்கை எடுத்துப் பார்ப்போம். "இதே மாதிரி வேலையைப் போன தடவை 750-லேயே முடிச்சிருக்காங்களே, இப்ப 700 போதாதா?" என்று ஒருவர் கேட்பார். போதாது என்று சொல்ல யாரிடம் ஆதாரம் இருக்கிறது? அந்தப் பிள்ளைகள் பயந்துகொண்டு போட்ட எட்டு, அடுத்த வருடம் அவர்களையே இன்னும் நெருக்கும். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து நானும் தலையாட்டியிருக்கிறேன். அப்ரைசலில் எனக்கு நல்ல ரேட்டிங்தான் கொடுத்தார்கள்.

உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தேய்க்கிற, கழுத்தில் தொங்கும் ஸ்வைப் கார்டுக்கு உண்மை தெரியும். நான் இருந்த இடத்தில் சராசரி ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைந்தாலும் மெயில் வந்துவிடும். பதின்மூன்று மணி நேரம் உள்ளே இருந்தால் ஒரு மெயிலும் வராது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கும் டர்னராக இருந்தார். அவரும் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவர்தான். ஆனால் ஓ.டி. (ஓவர்டைம்) பார்த்த மாதம் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் முதல் ஃபிரிட்ஜும் அக்காவின் ஜிமிக்கியும் அந்தக் காசுதான். நாளைக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்று அப்போது இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அரை மணி நேரம் குறைத்து எழுதிவிட்டார் என்று சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு வந்து, அதை ராத்திரி முழுக்க அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போது எனக்கு அது அற்பமாகத் தெரிந்தது. காலேஜ் படித்த திமிர்.

"ஐடிக்கெல்லாம் லேபர் லா கிடையாது" என்பார்கள். நானும் நம்பியிருந்தேன். ஆனால் ஐடி அலுவலகங்களுக்கும் பொருந்துகிற தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைகள் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு 'மேனேஜர்' ஒட்டிக்கொள்கிறது.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கிறதா? கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். என் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் அன்றைக்குக் கொதித்தது. கொதித்தவர்களில் பாதிப் பேர் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கிளையண்ட் மீட்டிங்கில் மைக்கை ம்யூட் செய்துவிட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னதும், 90 என்று எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பாய் என்று அவர் கேட்டதும் பழைய கதை. மீம் போட்டுச் சிரித்து முடித்துவிட்டோம். எனக்கு அவர்கள்மேல் பெரிய கோபம் இல்லை. அவர்களாவது எண்ணை வெளியே சொன்னார்கள். சரி, அந்த 70ஐ டைம்ஷீட்டில் எழுத விடுவார்களா? எழுதினால் பணம் தருவார்களா? புதிதாகச் சேர்பவருக்கு வருடத்துக்கு 3 லட்சத்து சொச்சம் என்பது நான் சேர்ந்த காலத்துச் சம்பளம். பெரிய கம்பெனிகள் பலவற்றில் இன்றைக்கும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது.

கற்றுக்கொள்ளும் வயதில் கொஞ்சம் கஷ்டப்பட்டால்தான் என்ன என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். சாஃப்ட்வேரை வெளியிடும் ரிலீஸ் ராத்திரிகளில் பிரியாணி வாங்கி வைத்துக்கொண்டு விடியவிடிய வேலை பார்த்த சந்தோஷம் எனக்கும் உண்டு. அது வருடத்தில் நாலு ராத்திரி. வருடம் முழுக்க அப்படி என்றால் உடம்பு என்ன ஆகும்? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்குச் சொல்லின. 2024இல் புனேயில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்த நாலே மாதத்தில் 26 வயதுக் கேரளப் பெண் இறந்துபோனாள். வேலைப் பளுதான் காரணம் என்று அவள் அம்மா எழுதிய கடிதத்தை நாடே படித்தது. நிறுவனம் மறுத்தது. அந்த அலுவலகம் 2007 முதல் அந்த மாநிலக் கடைகள் சட்டத்தில் பதிவே செய்யாமல் இயங்கியதாக அதிகாரிகள் சொன்னார்கள் என்று பிறகு செய்தி வந்தது. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாள் என்பதற்கு எந்தத் தாளைப் புரட்டுவது?

அக்கா மகனிடம் ஒன்றுதான் சொன்னேன். கம்பெனிக்கு எட்டு போடு, வேறு வழியில்லை. ஆனால் உள்ளே போகிற நேரம், வெளியே வருகிற நேரம் இரண்டையும் தினமும் எனக்கு அனுப்பு. "இதை வச்சு என்ன மாமா பண்ணப் போறீங்க?" என்றான். தெரியவில்லை, முதலில் எழுதி வைப்போம் என்றேன்.

ஒழுங்காக அனுப்புகிறான். அப்பாவின் பழைய டைரி ஒன்றில் குறித்துக்கொண்டு வருகிறேன். போன வாரம் 11, 12½, 10, 13, 11. மொத்தம் 57½. கூட்டிப் பார்த்து அவனுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் நீல டிக் மட்டும் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்குப் பதில் வந்தது: "அம்மாகிட்ட காட்டிடாதீங்க மாமா."

அக்கா முகநூலில் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.